குட்டி நாடு... கொள்ளை அழகு! ஸ்லோவேனியாவைச் சுற்றி வருவோமா?

ஐரோப்பா டூர் என்றதும் நம் வீடுகளில் உடனே அடிபடும் பெயர்கள் பாரிஸ், லண்டன், சுவிட்சர்லாந்து. பத்து நாளில் ஏழு நாடு என்று பஸ்ஸில் அடைத்துக் கூட்டிப்போவார்கள். இறங்கு, போட்டோ எடு, மறுபடி ஏறு! ஊர் வந்து சேரும்போது தாத்தாவுக்குக் கால் வீக்கம், பாட்டிக்கு மலச்சிக்கல், குழந்தைக்கு ஜலதோஷம். இதற்கா இத்தனை லட்சம் செலவு? வயதானவர்களையும் கூட அழைத்துக்கொண்டு, ஒரே நாட்டை நிதானமாகப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் ஸ்லோவேனியா பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

ஸ்லோவாகியாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு, இது வேறு. இத்தாலி, ஆஸ்திரியா, ஹங்கேரி, குரோஷியா என்ற நான்கு நாடுகளுக்கு நடுவே சொருகி வைத்த மாதிரி இருக்கிறது இந்த நாடு. பரப்பளவு 20,271 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 21 லட்சம்தான். 1991 வரை யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதியாக இருந்தது. அந்த வருடம் ஜூனில் தனி நாடு என்று அறிவித்து, பத்தே நாள் சண்டையோடு பிரிந்து வந்துவிட்டது. நாட்டில் பாதிக்கும் மேல் காடு. ஒரு பக்கம் ஆல்ப்ஸ் மலை, இன்னொரு பக்கம் கடல், நடுவில் குகைகள். தலைநகரில் ரூம் போட்டுக்கொண்டு, காலையில் கிளம்பி ராத்திரி திரும்பிவிடுகிற தூரத்தில்தான் முக்கால்வாசி இடங்களும். தினம் தினம் பெட்டி கட்ட வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி இல்லையா?

தலைநகர் லூப்லியானா. வாய்க்குள் நுழைய இரண்டு நாள் ஆகும்! நகரின் மையப் பகுதியில் 2007 முதல் கார்களுக்கு அனுமதி இல்லை. ஹாரன் சத்தம் கிடையாது, புகை கிடையாது. ஆற்றங்கரையில் நடக்கலாம், சைக்கிள் விடலாம், உட்கார்ந்து காபி குடிக்கலாம். நடக்க முடியாதவர்களுக்காகச் சின்னச் சின்ன மின்சார வண்டிகளை நகராட்சியே ஓட்டுகிறது. மலை மேல் கோட்டை. ஏற வேண்டாம், கேபிளில் இழுக்கிற ரயில் பெட்டி ஏற்றி விட்டுவிடும். ஊரின் பாலங்களில் சில, மார்க்கெட், ஆற்றங்கரைப் படித்துறை ஆகியவற்றை வடிவமைத்தவர் யோஷே பிளெச்னிக் என்ற உள்ளூர் கட்டடக் கலைஞர். ஒரு பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு நடைபாலங்களைச் சேர்த்து 'மூன்று பாலம்' ஆக்கியவர் இவர்தான். அவருடைய வேலைகளுக்கு 2021-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது.

தெருவோரக் குழாய்களில் வரும் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பாட்டில் தண்ணீருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். குடிநீர் கிடைப்பது மக்களின் உரிமை என்று 2016-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்ட நாடு இது!

வெயில் வைத்தியர் வாழ்ந்த ஏரிக்கரை

ஸ்லோவேனியா என்று எந்தக் காலண்டரைப் புரட்டினாலும் கண்ணில் படுவது ப்ளெட் ஏரி. நடுவில் ஒரு குட்டித் தீவு, தீவில் ஒரு தேவாலயம், பின்னால் செங்குத்துப் பாறை மேல் ஒரு கோட்டை, அதற்கும் பின்னால் பனி மூடிய மலை. தீவுக்கு 'பிளெட்னா' என்ற படகில் போகவேண்டும். மோட்டார் கிடையாது, படகுக்காரர் நின்றுகொண்டே துடுப்புப் போடுவார். தீவில் இறங்கினால் 99 படிகள். கல்யாணத்துக்கு வரும் மாப்பிள்ளை, மணப்பெண்ணை இந்த 99 படியும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்பது ஊர் வழக்கம். (முதுகுவலி மாப்பிள்ளைகள் வேறு ஊர் பார்ப்பது உத்தமம்!) மூட்டுவலிக்காரர்கள் படகிலிருந்தே பார்த்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஏரியைச் சுற்றி 6 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. பெரும்பாலும் சமதளம். மெதுவாக நடந்தால் இரண்டு மணி நேரம். என்னைக் கேட்டால் தீவைவிட இந்த நடைதான் ப்ளெட்டின் உண்மையான சுகம்.

இந்த ஊர் டூரிஸ்ட் ஊர் ஆனதே வைத்தியத்தால்தான். ஆர்னோல்ட் ரிக்லி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1850-களில் இங்கே வந்து இயற்கை வைத்தியசாலை ஆரம்பித்தார். அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்ல. சாயத் தொழில் செய்த குடும்பம். மருந்து எதுவும் தரமாட்டார். விடிகாலையில் எழுப்பி, மெல்லிய உடையில், வெறுங்காலோடு மலை ஏறச் சொல்வார். பிறகு வெயில் குளியல், காற்றுக் குளியல், தண்ணீர் சிகிச்சை, எளிய சைவச் சாப்பாடு. தண்ணீரைவிடக் காற்று உசத்தி, காற்றைவிடச் சூரிய ஒளி உசத்தி என்பது அவர் கட்சி. பணக்காரர்கள் காசு கொடுத்து வந்து இந்தக் கஷ்டத்தைப் பட்டார்கள்! 'சூரிய வைத்தியர்' என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது.

வைட்டமின் டி என்ற பெயரே தெரியாத காலம் அது. காலை நடை, நல்ல காற்று, அளவான சாப்பாடு எல்லாம் இன்றைக்கும் டாக்டர்கள் சொல்வதுதான். ஆனால் இரண்டு விஷயத்தில் ரிக்லியைப் பின்பற்ற வேண்டாம். மணிக்கணக்கில் வெயிலில் காய்ந்தால் தோல் புற்றுநோய் அபாயம் உண்டு. அதைவிட முக்கியம், சர்க்கரை நோயாளிகள் எக்காரணம் கொண்டும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பவர்களுக்குக் கூழாங்கல் கிழித்தால்கூடத் தெரியாது. சின்னக் காயம் புண்ணாகி, ஊர் திரும்பும்போது பெரிய சிக்கலாகிவிடும்.

ஏரிக்கரையில் விற்கும் கிரீம் கேக் ரொம்பப் பிரபலம். 1953-லிருந்து இங்குள்ள ஒரு ஹோட்டலில் செய்கிறார்கள். மேலும் கீழும் மொறுமொறு தகடு, நடுவில் கஸ்டர்ட், கிரீம். முட்டை உண்டு. சர்க்கரைக்காரர்கள் ஒரு துண்டை நான்கு பேராகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்... ஆசைக்கு ஆசையும் ஆச்சு.

காட்டில் ஒளிந்திருக்கும் ஆபத்து

அழகை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நன்றாக இருக்காது. இந்த நாட்டுக் காட்டிலும் புல்வெளியிலும் உண்ணி உண்டு. நம் ஊரில் மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஜாதிதான். குட்டி உண்ணி கடுகு அளவுகூட இருக்காது. கடித்தால் வலிக்காது. ஆனால் இரண்டு நோய்களைப் பரப்பும். ஒன்று, ஒரு வகை மூளைக்காய்ச்சல். ஐரோப்பாவிலேயே இது அதிகம் காணப்படும் நாடுகளில் ஸ்லோவேனியாவும் ஒன்று. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் இடைவெளி விட்டுப் பல தவணை போடவேண்டியது என்பதால் கடைசி வாரத்தில் ஓடினால் பலன் இல்லை. காட்டுப் பாதைகளில் நிறைய நடப்பதாகத் திட்டம் இருந்தால் டிக்கெட் போடும்போதே டாக்டரிடம் பேசிவிடுங்கள். இன்னொன்று 'லைம்' நோய். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் நாளுக்கு நாள் பெரிதாகும். சில நாளிலும் வரலாம், மூன்று நான்கு வாரம் கழித்தும் வரலாம். அதாவது நீங்கள் ஊர் திரும்பிய பிறகு! அப்போது உள்ளூர் டாக்டரிடம் "ஐரோப்பாவில் காட்டில் நடந்தேன்" என்று மறக்காமல் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவர் படர்தாமரை என்று நினைக்க வாய்ப்புண்டு. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் ஆன்ட்டிபயாடிக்கில் குணமாகிவிடும்.

முழுக்கை, முழுக்கால் உடை, பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுதல், ரூமுக்கு வந்ததும் அக்குள், முழங்கால் மடிப்பு, காது மடல், குழந்தைகளின் தலை எல்லாவற்றையும் ஒரு பார்வை. இவ்வளவுதான் வைத்தியம். உண்ணி ஒட்டியிருந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், நெருப்புக் காட்டாதீர்கள். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்துவிடுங்கள். மலைக் கிராமத்தில் அன்போடு காய்ச்சாத பால் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த மூளைக்காய்ச்சல் பச்சைப் பால் வழியாகவும் வரும்.

பாலைவிடத் தேன் பத்திரம்! (ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் கூடாது.) தேனீ வளர்ப்பு இவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. மே 20-ஐ உலகத் தேனீ தினமாக 2017-ல் ஐ.நா. அறிவித்தது ஸ்லோவேனியா கேட்டுக்கொண்டதால்தான். தேனீ வளர்ப்பைப் பாடமாகவே நடத்திய அன்டோன் யான்ஷாவை நினைவுபடுத்தும் நாள் அது. ப்ளெட்டுக்குப் பக்கத்தில் ராடோவ்லிட்சா ஊரில் தேனீ மியூசியம் இருக்கிறது. தேன் பெட்டிகளின் முகப்பில் வரைந்த பழைய ஓவியங்கள் வேடிக்கையோ வேடிக்கை.

பூமிக்கு அடியில் ரயில்

போஸ்டொய்னா குகைக்குள் ரயில் ஓடுகிறது. ஆச்சரியமாக இருக்கிறதா? 1872-லேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். மொத்தம் 24 கிலோமீட்டர் நீளமுள்ள குகையில் நாம் பார்ப்பது 5 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ரயிலில், மிச்சம் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. கூரையிலிருந்து ஆலம் விழுதுபோல் தொங்கும் சுண்ணாம்புக் கற்கள், தரையிலிருந்து வளரும் தூண்கள்... ஒரு விரற்கடை வளர நூற்றாண்டுகள் ஆகும். உள்ளே வருடம் முழுக்க 10 டிகிரி குளிர். வெளியே கோடை என்று பருத்திச் சட்டையோடு போனால் நடுங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் மஃப்ளரும் இன்ஹேலரும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு அதிசயப் பிராணி இருக்கிறது. 'ஓல்ம்' என்று பெயர். வெளிறிய இளஞ்சிவப்புத் தோல், சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், கண் தெரியாது. மனிதத் தோல் நிறத்தில் இருப்பதால் 'மனித மீன்' என்கிறார்கள். வருடக்கணக்கில் சாப்பிடாமலேயே உயிரோடு இருக்கும். மழைவெள்ளத்தில் இவை வெளியே அடித்து வரும்போது, டிராகனின் குட்டிகள் என்று அந்தக் காலத்தில் ஜனங்கள் நம்பினார்களாம். 2016-ல் இங்குள்ள தொட்டியில் ஓல்ம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தபோது நாடே கொண்டாடியது.

பக்கத்திலேயே பிரெட்யாமா கோட்டை. 123 மீட்டர் உயரப் பாறையின் வாயில் அப்படியே பொருத்தி வைத்ததுபோல் நிற்கும். 15-ம் நூற்றாண்டில் எராஸெம் என்ற வீரன் இதற்குள் இருந்துகொண்டு முற்றுகையைச் சமாளித்தானாம். ரகசியச் சுரங்கம் வழியாகப் பழங்கள் வரவழைத்து எதிரிகள் மேலேயே வீசினானாம். கடைசியில் வேலைக்காரன் காட்டிக்கொடுக்க, கழிவறையில் இருந்தபோது பீரங்கிக் குண்டு பட்டுச் செத்தான் என்பது கதை. ஷ்கோட்சியான் குகை இன்னும் பிரம்மாண்டம். பாதாளத்தில் ஒரு ஆறு, அதற்கு மேலே பாலம். ஆனால் நூற்றுக்கணக்கான படிகள். இதயநோய், முழங்கால் வலி உள்ளவர்கள் போஸ்டொய்னாவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஒரு குகை பார்த்தால் போதும்.

பாதரசம் சொட்டிய ஊர்

வழக்கமான டூர்க்காரர்கள் அழைத்துப் போகாத, ஆனால் நம் வாசகர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஊர் இட்ரியா. லூப்லியானாவிலிருந்து மேற்கே, வளைந்து வளைந்து போகும் மலைப் பாதை. 1490-ல் மரத்தொட்டி செய்யும் ஒருவர் ஊற்றில் தொட்டியை ஊற வைத்தார். எடுத்தபோது தூக்க முடியாத கனம். உள்ளே பளபளவென்று ஒரு திரவம்! இப்படித்தான் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டதாக ஊரார் சொல்கிறார்கள். பிறகு 500 வருடம் சுரங்கம் நடந்தது. ஸ்பெயினில் உள்ள அல்மாடென் சுரங்கத்துக்கு அடுத்தபடி உலகிலேயே பெரியது. பூமிக்கு அடியில் சுமார் 700 கிலோமீட்டர் சுரங்கப் பாதை. தென் அமெரிக்கத் தங்கமும் வெள்ளியும் பிரித்தெடுக்க, வெனிஸ் கண்ணாடிகளுக்கு ரசம் பூச, தெர்மாமீட்டருக்கு என்று எல்லாவற்றுக்கும் பாதரசம் வேண்டியிருந்தது.

பணம் கொட்டியது. ஆனால் யார் உடம்பில்? சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும் உலோகம் இது. அந்த ஆவியை மூச்சில் இழுத்த தொழிலாளிக்குக் கை நடுங்கும், கையெழுத்துக் கோணும். ஈறு வீங்கிப் பல் விழும். எச்சில் ஒழுகும். தூக்கம் போகும், காரணமில்லாமல் கோபம் வரும். 1754-ல் ஸ்கோபோலி என்ற இளம் டாக்டர் சுரங்கத்தின் வைத்தியராக இங்கே வந்தார். 15 வருடம் இருந்தார். தொழிலாளிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்து 1761-ல் புத்தகமாகவே எழுதினார். வேலை செய்யும் இடத்தால் வரும் நோயைப் பற்றிய ஆரம்பகால எழுத்துக்களில் அது ஒன்று. நேரம் கிடைத்தபோது மலைக்காடுகளில் செடிகளும் சேகரித்தார். அவர் பெயரைத் தாங்கிய ஸ்கோபோலியா செடியிலிருந்துதான் 'ஸ்கோபோலமின்' என்ற மருந்துக்கே பெயர் வந்தது. பஸ் பயணத்தில் வாந்தி வராமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையில் இருப்பது அதுதான். வளைவுப் பாதையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம். ஆனால் கண் அழுத்த நோய், ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களும் வயதானவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதை ஒட்டிக்கொள்ளக் கூடாது.

சுரங்க வேலை 1990-களில் நின்றுபோனது. 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இப்போது 1500-ல் வெட்டிய பழைய நுழைவுச் சுரங்கத்துக்குள் கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டி அழைத்துப் போகிறார்கள். சுரங்கத் தண்ணீரை இறைத்த மரச் சக்கரம் ஒன்று இருக்கிறது. குறுக்களவு 13.6 மீட்டர். பாதரசம் தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம். தற்செயல்தான், ஆனால் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வசதி! ஆண்கள் சுரங்கத்தில் நடுங்கும் கையோடு திரும்ப, பெண்கள் வீட்டில் உட்கார்ந்து லேஸ் பின்னிக் குடும்பத்துக்குச் சம்பாதித்தார்கள். அந்த லேஸ் பள்ளிக்கூடம் 1876 முதல் நடக்கிறது. மியூசியத்தில் ஒரு லேஸ் துண்டைக் கிட்டத்தில் பாருங்கள். மனசு என்னவோ செய்யும்.

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருக்கிறதா? உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், கையால் உருட்டி விளையாட விடாதீர்கள். ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளைத் திரட்டி மூடியுள்ள பாட்டிலில் போட்டு வையுங்கள். விமானத்திலும் கைப்பையில் அதற்கு அனுமதி இல்லை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் எடுத்துச் செல்லுங்கள்.

மலை இடுக்கில் ஒரு ஆஸ்பத்திரி

இட்ரியாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் செர்க்னோ. அதற்கு அருகே குறுகலான மலை இடுக்கு ஒன்றில் மரக் குடிசைகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில் நாட்டை ஜெர்மானியப் படைகள் பிடித்து வைத்திருந்தபோது, 1943 டிசம்பரில் ஆரம்பித்து 1945 மே வரை நடந்த ரகசிய ஆஸ்பத்திரி இது. பெயர் ஃப்ரான்யா. அங்கே தலைமை தாங்கிய பெண் டாக்டர் ஃப்ரான்யா போய்ட்ஸ் பிடோவெட்ஸின் பெயர்தான்.

காயம்பட்டவர்களைக் கண்ணைக் கட்டித்தான் தூக்கி வருவார்கள், இடம் தெரியக்கூடாது என்று. தூக்குகிறவர்கள் காலடித் தடம் பதியாமலிருக்க ஓடைத் தண்ணீருக்குள்ளேயே நடந்து வந்தார்கள். கூரைகளை இலை தழையால் மறைத்தார்கள். அறுவை சிகிச்சைக் கூடம், எக்ஸ்-ரே, சமையலறை, ஓடைத் தண்ணீரிலிருந்தே மின்சாரம் என்று எல்லாம் அந்த இடுக்குக்குள். படுகாயமடைந்த 578 பேருக்கு அங்கே சிகிச்சை நடந்தது. இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், அமெரிக்கர் என்று பல தேசத்தவர். எதிரிகளால் கடைசி வரை உள்ளே வர முடியவில்லை. சோறு சுமந்து கொடுத்த சுற்றுவட்டாரக் கிராமத்தார் வாயைத் திறந்திருந்தால் ஒரே நாளில் எல்லாம் முடிந்திருக்கும்.

2007 செப்டம்பரில் பெருவெள்ளம் வந்து குடிசைகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்படியே விட்டுவிடாமல், பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2010-ல் திறந்தார்கள். ஓடையோரமாகக் கொஞ்சம் ஏறி நடக்கவேண்டும். வழுக்காத ஷூ அவசியம். ப்ளெட்டைப் பார்க்க நேரமில்லை என்றாலும் இதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

கிளம்புவதற்கு முன்...

கிழக்கே ரோகாஷ்கா ஸ்லாட்டினாவில் மினரல் தண்ணீர் குடிக்கவே ஜனங்கள் வருகிறார்கள். லிட்டருக்கு சுமார் 1000 மில்லிகிராம் மெக்னீஷியம். ருசி... சொல்லாமல் விடுவதே மரியாதை! மலச்சிக்கலுக்குக் கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மெக்னீஷியம் உடம்பில் தங்கிவிடும். உப்புச் சத்தும் அதிகம் என்பதால் ரத்த அழுத்தக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சைவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை கொஞ்சம் உண்டு. 'ஷ்ட்ருக்லி' என்ற, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி வேக வைத்த பண்டம் பெரும்பாலும் சைவம்தான். இட்ரியாவின் 'ஷ்லிக்ரோஃபி' உருளைக்கிழங்குப் பூரணம் என்று சொல்வார்கள். அதில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பது வழக்கம். பீன்ஸ் சூப்பிலும் இதே கதை. வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். விசாவுக்காக ஏதோ ஒன்றை எடுத்துவிட்டு மறந்துவிடாமல், ஏற்கெனவே உள்ள பி.பி., சர்க்கரைக்கு அது செல்லுமா என்று படித்துப் பாருங்கள். பல பாலிஸிகளில் அதைத்தான் சின்ன எழுத்தில் விலக்கி வைத்திருப்பார்கள். இன்சுலினையும் தினசரி மாத்திரைகளையும் டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டால் குளிரில் இன்சுலின் உறைந்து வீணாகலாம், பெட்டியே வேறு ஊருக்கும் போகலாம். அவசர உதவிக்கு அங்கே 112.

போகச் சிறந்த மாதங்கள் மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் ப்ளெட்டில் கூட்டம் நெரிக்கும். கடைசி நாளை பிரான் என்ற கடற்கரை ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயலின் மேதை டார்டினி பிறந்த ஊர். பக்கத்தில் செச்சோவ்லியே உப்பளத்தில் 700 வருடப் பழைய முறையிலேயே இன்னும் உப்பு எடுக்கிறார்கள். சின்னத் துணிப் பையில் கட்டி விற்பார்கள். உறவுக்காரர்களுக்கு வாங்கி வரலாம்... யாருக்கு பி.பி. என்று ஒரு தடவை யோசித்துவிட்டு.